மேசைக்கு அடியில் ஒரு கேரட்

1

ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த அன்று நான் ஒரு கேரட் துண்டை அளந்தேன். அளந்த கருவி, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். அளந்த இடம், வெள்ளைத் துணி விரித்த பெரிய ஓட்டல் ஒன்றில் மேசைக்கு அடியில், என் தொடைமேல். முதல் துண்டு மூன்றரை மில்லிமீட்டர் இருந்தது. அடுத்தது ஐந்து.

இந்த ஒன்றரை மில்லிமீட்டரால் என் மகளின் வேலை போகிற நிலைமை வந்தது என்றால், ஓசூரில் இருந்து இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். மீதிப் பேர், அதாவது என்னோடு தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டியவர்கள், "டாலரன்ஸ் எவ்வளவுப்பா?", அதாவது எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம், என்று கேட்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: என் பெயர் முனிராஜு. பிறந்தது பாரூர் ஏரிக்குக் கீழே. டிப்ளமா முடித்து ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் பொண்ணு வீட்டார் போலீஸ் என்று நினைத்துக் கொஞ்சம் பயந்தே பெண் கொடுத்தார்கள். நான் பரிசோதித்ததெல்லாம் கியர் பற்கள். இப்போது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அதே கியர், அதே பற்கள், குளிர் மட்டும் கூடுதல். மனைவி மஞ்சுளா ஓசூருக்குப் பக்கத்துத் தளிக்காரி. ரோஜாத் தோட்டமும் கன்னடமும் உள்ள வீடு. மகள் ஸ்வாதி எட்டு வயதில் எங்களோடு விமானம் ஏறியவள். இப்போது பத்தொன்பது.

2

போன வருடம் வரை ஸ்வாதி கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு காலை நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து, "அப்பா, காலேஜ விட்டுட்டேன்" என்றாள். "விடலாம்னு இருக்கேன்" இல்லை. "விட்டுட்டேன்." பக்கத்து ஊரில் பேர்பெற்ற ஓட்டல் ஒன்றில் சமையல் பயிற்சிக்குச் சேர்ந்தாயிற்றாம். மூன்று வருடப் பயிற்சி. முதல் நான்கு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஓட்டல்காரர் வேண்டாம் என்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை; கத்திப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். படிப்பும் போய், இதுவும் போனால் நடுத்தெருதான்.

ஓர் அப்பா செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். கத்தினேன். கத்துவதற்கு என் ஜெர்மன் போதவில்லை. பதில் கத்த அவள் தமிழ் போதவில்லை. எனக்கு இந்த நாட்டு மொழியில் மரியாதைப் பேச்சு மட்டும்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு நாயைக்கூட "நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறீர்களா?" என்றுதான் கேட்பேன். அந்த பாஷையை வைத்துக்கொண்டு பெற்ற மகளைத் திட்டினால் ஏதோ பேங்கில் இருந்து வந்த கடிதம் போல இருந்தது. கடைசியில் மஞ்சுளாவின் கன்னடம்தான் ஜெயித்தது. "சும்னிரி" என்றாள். வாயை மூடுங்கள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ஸ்வாதி விவாதம் எதற்கும் வரவில்லை. டிவியைப் போட்டாள். "இதைப் பாருப்பா. அப்புறம் பேசு."

உலகப் புகழ் பெற்ற சமையல்காரர்களைப் பற்றிய ஆவணத் தொடர். வாரம் ஒருவர். முதல் காட்சியில் எல்லோரும் காட்டுக்குள் நடக்கிறார்கள். பனிமூட்டம். பின்னால் வயலின். அவர் குனிந்து ஓர் இலையைப் பறித்து முகர்ந்து, கண்ணை மூடி, சின்ன வயதில் தான் தனிமையில் இருந்ததைச் சொல்கிறார். பாரூரில் அந்த மாதிரி இலையை மாடுகூட ஒதுக்கிவிட்டுத்தான் மேயும். அப்புறம் ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவரைக் கட்டிப்பிடிக்கிறார். "இவரோடு எனக்கு இருபது வருட உறவு" என்கிறார். எங்கள் ஓசூர் கேன்டீன் சமையல்காரர் நசீர் பாய் குந்தாரப்பள்ளி சந்தையில் ஆடு வாங்கும்போதும் உறவு உண்டு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி, ஐந்து நிமிஷத்தில் விரோதமாகி, ஆறாவது நிமிஷம் டீ குடிப்பார்கள். வயலின்தான் கிடையாது.

கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் ஒரு காட்சி என்னை நாற்காலி நுனிக்கு இழுத்துவிட்டது. சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் நீளமான மேடை. ஒவ்வொரு தட்டும் அந்த மேடைக்கு வருகிறது. பெரிய ஷெஃப் அங்கேயே நிற்கிறார். குனிந்து பார்க்கிறார். இடுக்கியால் ஓர் இலையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துகிறார். விளிம்பைத் துணியால் துடைக்கிறார். ஒரு தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். தட்டு வந்த வழியே திரும்பிப் போகிறது.

"மஞ்சுளா!" என்று கத்திவிட்டேன். "இது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்டி! அப்படியே நம்ம டிபார்ட்மென்ட்டு!"

"டிவி எதிர்க்க கத்தாதீங்க ரீ, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் குடுப்பாங்க." "ரீ" என்பது அவள் வீட்டுக் கன்னடத்தில் "ஏங்க".

அதற்குப் பிறகு ஒரு வாரமும் விடவில்லை. ஸ்வாதி வேலைக்குப் போன நாட்களில்கூட நானும் மஞ்சுளாவும் உட்கார்ந்து பார்த்தோம். யாருடைய தட்டு திரும்பிப் போகும் என்று நான் முன்கூட்டியே சொல்வேன். பத்தில் ஏழு சரியாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நாட்டில் எனக்குப் புரிந்த முதல் கலை அதுதான்.

3

இங்கே ஓசூர் கேன்டீனைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் கேரட்டை ஏன் அளந்தேன் என்பது விளங்காது.

எங்கள் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் சாப்பாடு வெளியே வருவதற்கு முன்னால், காலை பத்தரை மணிக்கு, ருசி பார்க்கிற வழக்கம் உண்டு. கேன்டீன் கமிட்டியில் இருந்து ஒருவர் போக வேண்டும். சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் சின்னக் கிண்ணங்களில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் பார்த்து, ரிஜிஸ்டரில் கருத்து எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடம் அந்த ஆள் நான்தான்.

முதல் நாள் "நன்று" என்று எழுதினேன். பண்பாடான ஆள் பாருங்கள். அன்றைக்கு மத்தியானம் சாம்பார் தண்ணீராக இருந்தது. நான் கூடத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒருவன் ஸ்பூனால் தட்டைத் தட்டினான். டங். பக்கத்தில் இருந்தவன் தட்டினான். அப்புறம் மொத்தக் கூடமும். வெல்டிங், அசெம்பிளி, பெயின்ட் ஷாப், எல்லோரும். வரிசையில் நின்று சோறு வாங்கி, உட்கார்ந்து, கடைசி வாய் சாப்பிடும் வரை அந்த டங் டங் நிற்கவில்லை. நான் அன்றைக்கு மோர்கூட வாங்கவில்லை.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். என்ன ஆனாலும் மூன்று குறை எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை. உப்பு ஒன்று. வேக்காடு ஒன்று. மூன்றாவதாக வெட்டு: பீன்ஸ் நீளம் சமமாக இல்லை, கேரட் பெரிது. புதன்கிழமை களி போடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் குஷியாக இருப்பார்கள்; திருநெல்வேலியில் இருந்தும் தஞ்சாவூரில் இருந்தும் வந்தவர்கள் அந்த உருண்டையைப் பார்த்து, மெஷினில் வைத்துத் திருகலாமா என்பார்கள். களிக்கும் மூன்று குறை எழுதியிருக்கிறேன். உருண்டையின் விட்டம் உள்பட.

தலைமைச் சமையல்காரர் நசீர் பாய், கிருஷ்ணகிரி பழையபேட்டை ஆள். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் எழுதுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "எழுது எழுது, பேனா உன்னுது, வயிறு என்னுது" என்பார். என்ன அர்த்தம் என்று இன்று வரை தெரியாது. ஆனால் ரிஜிஸ்டரில் குறை எழுத ஆரம்பித்ததில் இருந்து சாம்பார் நன்றாகவே இருந்தது. என் நாக்கினால்தான் ஓசூர் தொழில்துறை நல்ல சாப்பாடு சாப்பிட்டது என்று நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே ஜெர்மன்காரர்களிடம்கூட, மரியாதைப் பேச்சில்.

4

ஸ்வாதியின் சோதனைக் காலம் முடிகிற வாரம். அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் இருக்கிறது. விடுமுறை நாளான திங்கட்கிழமை மத்தியானம் பயிற்சிக்காரர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறார்கள். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பதார்த்தம். எது யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். மேசையில் ஆளுக்கு ஒரு படிவம் இருக்கும். பெயர் எழுதக் கூடாது. உண்மையான கருத்தை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பெரிய ஷெஃப் யார் இருக்கலாம், யார் கிளம்பலாம் என்று சொல்லுவார்.

திங்கட்கிழமைதான் எங்கள் பதினோராவது வருட நாள். மஞ்சுளா பட்டுப் புடவையும் அதன் மேலே குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டாள். நான்காம் எண் மேசையில் நாங்கள் இரண்டு பேர். பெரிய ஷெஃப் ஒவ்வொரு மேசையாக வந்து கை கொடுத்தார். இவர் ஒருமுறை அதே தொடரில் வந்தவர், ஏரியைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிஷம் பேசாமல் நின்றவர். டிவியில் பார்த்த ஆள் நேரில் வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அவரிடம் மட்டும், எங்கிருந்து வந்ததோ, "நீ சௌக்கியமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நாய்க்குக் கொடுத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை. மனுஷர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

முதலில் பச்சை நிற நுரை வந்தது. முகச்சவரம் செய்ய எடுத்து வைத்ததுபோல. அடுத்து கட்டைவிரல் அளவு மீன். மூன்றாவதாகப் பருப்பு. ஆமாம், பருப்பு. இந்தப் பக்கத்து மக்கள் நம்மைப்போலவே பருப்புப் பைத்தியம். குழிந்த தட்டின் நடுவே கரும்பச்சைப் பருப்பு, அதில் பொடியாக நறுக்கிய கேரட், வெங்காயம், மேலே மூலிகை எண்ணெய் மூன்று சொட்டு.

நுரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மீனைப் பற்றி? ஆனால் பருப்பு வந்துவிட்டது. இது என் துறை. ஒரு வாய் வைத்தேன். உப்பு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை.

"மஞ்சுளா, உப்பு?"

"எனக்குச் சரியா இருக்குதுங்க ரீ."

"தளிக்காரங்களுக்கு எல்லாமே சரியாத்தான் இருக்கும்."

"உங்க நாக்கு அந்த லட்சணம். சும்மா சாப்பிடுங்க, பார்க்கறாங்க."

யாரும் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தேன். ருசி, வேக்காடு, வெட்டு என்று மூன்று கட்டம் இருந்தது. ஆண்டவனே கேன்டீன் ரிஜிஸ்டரை ஜெர்மனுக்கு மாற்றி அனுப்பியதுபோல இருந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கேரட்டில் ஐந்து துண்டை நாப்கினில் எடுத்து, தொடைமேல் வைத்து அளந்தேன். மஞ்சுளா கிள்ளினாள். கிள்ளியதில் ஒரு துண்டு கீழே விழுந்துவிட்டது. மாதிரி எண்ணிக்கை நான்காகக் குறைந்தது.

எழுதினேன். "உப்பு இல்லவே இல்லை. பருப்பு ஓரத்தில் ஆறியிருக்கிறது. கேரட் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை. சீராக இல்லை." எழுதி முடித்தபோது பதினோரு வருடமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்ததுபோல மனசு நிறைந்திருந்தது. பக்கத்து மேசை அம்மாள் ஒவ்வொரு கட்டத்திலும் "அற்புதம்" என்று எழுதி ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டிருந்தார். பாவம், தட்டு தட்டுவதைக் கேட்டிராதவர்.

படிவங்களை ஒரு பெட்டியில் போட்டுவிட்டோம். இனிப்பு முடிந்ததும் ஐந்து பேரும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக வந்து நின்றார்கள். யார் எதைச் செய்தார்கள் என்று பெரிய ஷெஃப் சொன்னார். நுரை, ஒரு பையன். மீன், இன்னொரு பையன்.

பருப்பு, ஸ்வாதி.

5

என் பீதியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மெதுவாக வருகிற ஜாதி கிடையாது. வரும்போதே குடும்பத்தோடு வரும். ஓட்டலில் இருந்து கார் வரை நடப்பதற்குள் ஸ்வாதிக்கு வேலை போய், படிப்பும் போய், ஓசூருக்கே திரும்பி, பேருந்து நிலையத்துக்கு எதிரில் பானிபூரிக் கடை போட்டு, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரை வந்துவிட்டேன். பெல்ட் போடாமல் கார் ஓட்டி, கார் கத்தி, மஞ்சுளா கத்தி, அப்புறம்தான் நினைவு வந்தது.

"யாராவது கேரட்ட அளப்பாங்களா ரீ?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க வேறெதுவும் பேசவில்லை. அதில்தான் எனக்குப் பீதி இரண்டு மடங்கானது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு அந்த ஓட்டலின் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மணி.

"நேற்று நான் எழுதிய படிவத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன்" என்றேன்.

"படிவத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா?"

"பெயர் எழுதக் கூடாது என்று போட்டிருந்தது."

"அப்படியானால் அது உங்களுடையது என்று எப்படி உறுதி செய்வது?"

"அதில் மில்லிமீட்டர் இருக்கும்."

"உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்கு அனுமதி இல்லை. தகவல் பாதுகாப்பு."

"நான் பார்த்துச் சொல்லட்டுமா?"

"அதில் மற்றவர்களின் தகவலும் இருக்கும்."

அவர் மேல் தப்பில்லை. பெயரில்லாத காகிதத்துக்கு நான் உரிமை கொண்டாட வேண்டுமானால் அதில் என் பெயர் இருந்திருக்க வேண்டும். கடைசியில் இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார்: ஏற்கெனவே கொடுத்த படிவத்தைத் திரும்பப் பெறுவதற்கான படிவம். பரிசீலிக்க நான்கு வாரம் ஆகும். முடிவு வெள்ளிக்கிழமை. ஆனாலும் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் வெளியே வருவது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டில் ஸ்வாதி சாதாரணமாக இருந்தாள். "விருந்து எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். "அற்புதம்" என்றேன், ஆச்சரியக்குறியோடு. அவள் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

6

புதன்கிழமை மத்தியான இடைவேளையில் நசீர் பாய்க்கு வீடியோ போட்டேன். பழையபேட்டையில் இப்போது சொந்தமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறார். பின்னால் ஒரு பெரிய அண்டா தெரிந்தது.

"என்னாப்பா முனிராஜு, சோறு துன்னியா? மூஞ்சி ஏன் செத்தவன் மாதிரி கீது?"

சொன்னேன். பருப்பு, கேரட், ஸ்கேல், எல்லாம். நடுவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு, "இங்க வாங்கம்மா, பெத்த பொண்ணுக்கே ரிஜிஸ்டர் எழுதுன ஆளப் பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

"பாய், விளையாடாதீங்க. அவளுக்கு வேலை போயிடும்."

"நீ எழுதுனது நெசமா பொய்யா?"

"நெசம்தான். உப்பே இல்ல. என் நாக்கு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, போனைக் கிட்டே கொண்டுவந்தார்.

"உன் நாக்கா? ஏம்ப்பா, ஆறு வருஷம் நீ அத நம்பிக்கினா இருந்த?"

"எத?"

"உன் கிண்ணத்துல மட்டும் உப்பக் கம்மி பண்ணித்தான்யா வெப்பேன். நீ மூணு குறை எழுதாம போவ மாட்ட, எனக்குத் தெரியும். கொற இல்லன்னா நீயா எதனா கண்டுபுடிப்ப, அது ஆபத்து. அதான் உப்பு ஒன்ன நானே குடுத்துடுவேன். கேரட்டுல நாலு துண்டு பெருசா வெட்டிப் போடுவேன். நீ எழுதிட்டு சந்தோசமா போவ. எஞ்சாம்பாரு ஏற்கெனவே சரியாத்தான் கீது."

ஓசூர் தொழில்துறையின் நாக்கு வாய்க்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கோவமா?" என்றார்.

"இல்ல பாய்."

"இரு, பிரியாணிக்குத் தம் போடணும். பொண்ணு சமாச்சாரம் வெள்ளிக்கெழம சொல்லு. போயிடுச்சின்னா இங்க அனுப்பு, எங்கிட்ட ஆள் பத்தல. நெசமாத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார்.

7

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்வாதி வீட்டுக்கு வந்தபோது நான் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்று மணியில் இருந்து நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கையில் குடை வைத்திருந்தேன்.

"என்னாச்சுடி?"

"ஷூவக் கழட்டிக்கறேம்ப்பா."

கழட்டினாள். இரண்டு ஷூவுக்கும் இடையில் எனக்கு ஒரு வயது கூடியது.

"ஷெஃப் எங்க அஞ்சு பேரையும் நிக்க வெச்சு எல்லாப் பேப்பரையும் படிச்சாரு. உன் பேப்பரையும்."

"என் பேப்பர்னு எப்படி..."

"அப்பா. மில்லிமீட்டர்."

மஞ்சுளா அடுப்பங்கரையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"கேரட் பத்தி என்ன சொன்னாரு?" என்றேன்.

"கரெக்ட்னு சொன்னாரு. அன்னிக்குக் கை நடுங்கிச்சு, ஒழுங்கா வெட்டல. ஆறிப் போனதும் கரெக்ட். அதுக்கெல்லாம் அவர் கோவப்படல. உப்புக்குத்தான்." ஸ்வாதி சுவரில் சாய்ந்துகொண்டாள். "மத்த எல்லாப் பேப்பர்லயும் உப்பு சரின்னு இருக்கு. அதே டேபிள்ல உக்காந்த அம்மாகூட சரின்னு போட்டிருக்காங்க, எழுத்தப் பார்த்தாலே தெரிஞ்சுது. ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் இல்லவே இல்லைன்னு இருக்கு. ஒரே பாத்திரத்துல இருந்து வந்த பருப்பு, ஒரு தட்டு மட்டும் எப்படி மாறும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான்தான் மாத்துனேன்னு சொன்னேன். உப்புப் போடறதுக்கு முன்னாடியே ஒரு தட்டுக்குத் தனியா எடுத்து வெச்சிட்டேன். உன் தட்டு."

"எதுக்குடி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரத்தைப் பார்த்தாள்.

"உனக்கு பிரஷர் இருக்குல்லப்பா" என்றாள் ஸ்வாதி.

உங்களிடமும் இதுவரை நான் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அவள் காலேஜை விட்ட அடுத்த வாரம்தான் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது, ஆவக்காய் ஊறுகாயும் இருக்கிறது, வந்துவிட்டது. ஆனால் நாள் தப்பான நாள். இப்போது சொன்னால் தன்னால்தான் அப்பாவுக்கு வந்தது என்று பிள்ளை நினைத்துக்கொள்வாள். காலம் பூராவும் அவள் வெட்டுகிற ஒவ்வொரு வெங்காயத்திலும் அது உட்கார்ந்திருக்கும். எனவே மஞ்சுளாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மாத்திரையைக் குளியலறையில் கதவைச் சாத்திப் போட்டுக்கொண்டேன். வீட்டில் அரை உப்புச் சாம்பாரைத் தின்றுகொண்டு, "அம்மாவுக்குக் கை தவறிப்போச்சு" என்று ஆறு மாதமாக மஞ்சுளா மேல் பழி போட்டேன். ஓட்டலிலாவது ஒரு நாள் நாக்குக்கு உப்பு கிடைக்கும் என்று ஆசையாகப் போனவன் நான்.

"உங்கம்மா சொன்னாளா?"

"நான் சொல்லல!" என்று அடுப்பங்கரையில் இருந்து குரல் வந்தது. "சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"யாரும் சொல்லல. மாத்திரை அட்டைய குப்பையில போடற. இந்த வீட்டுல குப்பையத் தரம் பிரிக்கறது யாரு? பிளாஸ்டிக் மஞ்சள் பையில, பேப்பர் நீல டப்பாவுல. உன் அட்டைய எப்பவும் நீ பேப்பர்ல போடறப்பா. நான்தான் எடுத்து மஞ்சப் பையில போடறேன். முதல் மாசத்துல இருந்தே."

முதல் மாசத்தில் இருந்தே. அப்படியென்றால் நான் கதவைச் சாத்திக்கொண்டு தைரியமாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட ஒவ்வொரு காலையிலும் அவளுக்குத் தெரியும். நான் நினைத்துப் பயந்ததை அவள் நினைத்தும் முடித்து, எனக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டும் திரிந்திருக்கிறாள்.

"உன்னால வரலைடி" என்றேன். "டாக்டர் சொன்னாரு. ஊறுகாயாலதான்."

"தெரியும். படிச்சுப் பார்த்தேன்." ஷூ இரண்டையும் காலால் ஓரமாகத் தள்ளினாள். "முதல்ல தெரியல. அப்புறம் படிச்சுப் பார்த்தேன்."

மஞ்சுளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஆள் கடைசியில என்னதான் சொன்னான்?" என்று கேட்டேன். ஜெர்மனியின் பெரிய ஷெஃபை ஒரே வாரத்தில் இரண்டாவது முறை மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன்.

"நல்லாத் திட்டுனாரு. என் கிச்சன்ல இருந்து எனக்குத் தெரியாம ஒரு தட்டு வேற மாதிரி வெளிய போகக் கூடாது, விருந்தாளிக்கு உடம்பு சரியில்லைன்னா முதல்ல எங்கிட்ட சொல்லணும்னாரு. அப்புறம் உங்கப்பாவுக்கு என்ன மாத்திரைன்னு கேட்டாரு. சொன்னேன். அவருக்கும் அதேதானாம்."

"அப்புறம்?"

"இருக்கச் சொல்லிட்டாரு. ரெண்டு வாரத்துக்கு கேரட் மட்டும் வெட்டணும்."

நான் அங்கேயே, குடையோடு, ஷூ வைக்கிற பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சுளா வந்து குடையை வாங்கி மாட்டினாள். வெளியே மழை இல்லை என்பதை அப்போதுதான் மூன்று பேரும் கவனித்தோம்.

இன்று சனிக்கிழமை. ஸ்வாதிக்கு ஓட்டல் மத்தியானம்தான். காலையில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். நான் எழுந்து போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து, அவள் எதிரிலேயே ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தாமல், ஆறு மாதத்தில் முதல் தடவை.

அவள் போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. தன் பக்கம் இருந்த தம்ளரை மட்டும் என் பக்கமாக நகர்த்தினாள்.

"தண்ணி குடிப்பா" என்றாள். "ஒட்டிக்கப் போகுது."